மலாயன் பென்சனியரும் சேமலாப நிதியும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் வீட்டு இலக்கம் சொல்லி வழி கேட்போர் முன்னர் எவருமில்லை. "மலாயன் பென்சனியர் வீடு" என்றால் ஒழுங்கை முகப்பில் நிற்கும் சிறுவனும் கையை நீட்டிக் காட்டுவான். ஒரே ஊரில் இரண்டு மூன்று பென்சனியர்கள் இருந்தால் "றெயில்வே பென்சனியர்", "சேவையர் பென்சனியர்" என்று திணைக்களத்தின் பெயரால் அவர்கள் வேறுபடுத்தப்பட்டனர். ஆளின் பெயர் பின்தள்ளப்பட்டு, அவர் பெற்ற ஓய்வூதியமே அவருக்குப் பெயராகிவிட்ட வழக்கம் இது.

அந்த மனிதர்களைப் பற்றி இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2022 ஆம் ஆண்டுக்குப் பின்னர் எனக்கு வரும் கடிதங்களிலும் தொலைபேசி அழைப்புகளிலும் அரசியலைவிட அதிகமாக இடம்பெறுவது ஒரே கேள்விதான்: "ஓய்வுபெற்ற காசை எதிலே வைத்தால் அழியாது?" நான் பொருளியலாளன் அல்லன், முதலீட்டு ஆலோசனை கூறும் தகுதியும் எனக்கில்லை. பத்திரிகைக் கந்தோர்களில் ஆயுளைக் கழித்தவனுக்குத் தெரிந்ததெல்லாம் பழைய செய்திகள் மட்டுமே. ஆயினும் இக்கேள்விக்கு நமது பழைய செய்திகளிலேயே ஓரளவு விடை இருக்கிறது என்று எண்ணுகிறேன்.

1816 இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கிற்று. அதன் பின்னர் அரை நூற்றாண்டுக்குள் குடாநாட்டில் ஆங்கிலம் படித்த இளைஞர்களின் தொகை, அங்கு கிடைக்கக்கூடிய உத்தியோகங்களின் தொகையை வெகுவாக மிஞ்சிவிட்டது. 1874 இல் பங்கோர் உடன்படிக்கையுடன் பிரித்தானியர் மலாய் மாநிலங்களுக்குள் காலடி வைத்தபோது, ஈயச் சுரங்கங்களுக்கு வீதியும் புகையிரதப் பாதையும் வேண்டியிருந்தன; அவற்றை நடத்த எழுதுவினைஞரும் நிலஅளவையாளரும் வேண்டியிருந்தனர். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரையான மலாயாவின் முதற் புகையிரதப் பாதை 1885 ஜூன் 1 ஆந் திகதி திறக்கப்பட்டது. அதன் வேலைக்கு இலங்கையிலிருந்து பயனியர் படையினர் கொண்டு செல்லப்பட்டிருந்தனர். அவர்களுக்குப் பின்னால் வல்வெட்டித்துறை முதல் சாவகச்சேரி வரை படித்த பிள்ளைகள் கப்பலேறினர். நிலைய அதிபர், குமாஸ்தா, மருத்துவமனை உதவியாளர், தபால் ஊழியர் என்று மலாயாவின் நிர்வாக யந்திரத்தின் நடுத்தட்டு கணிசமான அளவுக்கு யாழ்ப்பாணத்தவர் கையில் இருந்தது.

அங்கிருந்து மாதந்தோறும் வந்த காசுதான் "மணியோடர் பொருளாதாரம்" என்ற சொல்லை நமக்குத் தந்தது. அதை ஏளனமாகச் சொன்னவர்களும் உண்டு. குடாநாட்டு மண்ணில் விளையாத பணத்தைக் குடாநாட்டு மண்ணிலே புதைத்தார்கள் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. தொழிற்சாலை எதுவும் எழவில்லை. நாற்சார் வீடும் கல் மதிலும்தான் எழுந்தன என்பது உண்மையே. ஆனால் அந்தப் பணம் எங்கெங்கே போயிற்று என்று ஒரு குடும்பத்தின் பழைய பெட்டகத்தைத் திறந்து பார்த்தால் வேறொரு கதை தெரியும்.

முதலில் காணி உறுதிகள். வயல், தோட்டம், பனங்காணி என மூன்று வகையும் இருக்கும். வயல் மழையை நம்பியது. தோட்டம் கிணற்றை நம்பியது. பனை எதையும் நம்பாதது. அடுத்து ஒற்றி உறுதிகள். அயலவர் ஒருவருக்குப் பணம் கொடுத்து, வட்டிக்குப் பதிலாக அவரது காணியின் விளைவை அனுபவிப்பதே ஒற்றி. பணத்தின் பெறுமதி வீழ்ந்தாலும் விளைவின் பெறுமதி வீழாது என்பதை அந்தக் காலத்து நொத்தாரிசு அறிந்திருந்தார். பின்னர் மனைவியினதும் பெண்மக்களினதும் கழுத்திலும் கையிலும் உள்ள நகை. சீட்டுக் கணக்கு எழுதிய கொப்பி. கடைசியாக, பெட்டகத்தில் வைக்க முடியாத ஒன்று: மூத்தவனைக் கொழும்பிலும் இளையவனைச் சென்னையிலும் படிக்க வைத்த செலவு. இவ்வளவுக்கும் மேலே மாதந்தோறும் கடல் கடந்து வந்த ஓய்வூதியம்.

இந்தப் பங்கீட்டுக்குச் சட்டமும் துணை நின்றது. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல் எழுத்தில் வடிக்கப்பட்ட தேசவழமை, ஒரு குடும்பத்தின் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாகப் பிரிக்கிறது. பரம்பரையாக வந்தது ஒரு கணக்கு, பெண்ணுக்குக் கொடுத்தது ஒரு கணக்கு, தம்பதியர் சேர்ந்து தேடியது வேறொரு கணக்கு. கணவன் தொழிலில் நொடித்தாலும் மனைவியின் சீதனக் காணி தனிக்கணக்காகவே நின்றது.

இதை முன்னோரின் ஞானம் என்று போற்ற நான் முற்படவில்லை. திட்டமிட்டு எவரும் இதைச் செய்யவில்லை. சீதனம் கொடுத்தேயாக வேண்டும் என்ற கட்டாயமும், காணியில்லாதவனுக்கு ஊரில் மதிப்பில்லை என்ற மனப்பான்மையும் சேர்ந்து செய்த காரியம் இது. ஒற்றிக் காணியை மீட்க முடியாமல் தலைமுறையாகத் தவித்த ஏழைகள் இருந்தனர். ஒடுக்கப்பட்ட சமூகங்களுக்குக் காணி வாங்கும் வழியே பெரும்பாலும் அடைக்கப்பட்டிருந்தது. பென்சனியரின் பாதுகாப்பு அயலவரின் பாதுகாப்பின்மை மீதும் கட்டப்பட்டிருந்தது என்பதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. எனினும் பயன் பயன்தான். பிறகு வந்த ஒவ்வொரு சோதனையும் அந்தப் பெட்டகத்தின் ஏதோ ஒரு தட்டை மட்டுமே வெறுமையாக்கியது.

முதற் சோதனை இறப்பர். மலாயாவிலேயே தங்கிவிட எண்ணியவர்களில் சிலர் ஊர்க் காணியை விட்டு இறப்பர்க் காணி வாங்கினர். அவர்களைக் குறை கூற முடியாது. 1910 இல் இலண்டன் சந்தையில் ஓர் இறாத்தல் இறப்பர் 12 சிலிங்கைத் தாண்டியிருந்தது. மரம் காய்ச்சுப் பணம் கொட்டும் என்பது அன்று மிகையுரையாகத் தோன்றவில்லை. விலை சரிந்தபோது 1922 இல் ஸ்டீவன்சன் திட்டத்தின் மூலம் உற்பத்தியைக் கட்டுப்படுத்தினர். 1928 இல் அதுவும் கைவிடப்பட்டது. 1932 இல் அதே ஓர் இறாத்தல் இறப்பர் 2 பென்சுக்கும் கீழே போயிற்று. அன்றைய கணக்கில் ஒரு சிலிங் 12 பென்சு என்பதை நினைவிற் கொண்டால், வீழ்ச்சி எவ்வளவு ஆழமானது என்று விளங்கும். அரசாங்கத் திணைக்களங்களும் அதே காலத்தில் ஆட்குறைப்புச் செய்தன. சம்பளமும் தோட்டமும் ஒரே பண்டத்தின் விலையில் தொங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் போயின. இரண்டு இடத்தில் வைத்தோம் என்று அவர்கள் நம்பியிருந்தனர். உண்மையில் வைத்தது ஓரிடத்திலேதான்.

இரண்டாவது சோதனை 1941 டிசம்பர் 8 ஆந் திகதி கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மலாயாவில் இருந்த மகனிடமிருந்து வரவேண்டிய மணியோடர் நின்றது. மகன் உயிரோடிருக்கிறானா என்ற செய்தியும் நின்றது. மலாயாவில் இருந்தவர்களின் கையில் ஜப்பானிய இராணுவம் அச்சடித்த நாணயம் புழங்கியது. பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்தபடியால் அதை வாழைமரக் காசு என்றனர். பிந்திய தாள்களில் தொடரிலக்கம்கூட இல்லை. அச்சடிக்க அச்சடிக்க அரிசி விலை ஏறியது. 1945 செப்டெம்பரில் பிரித்தானியர் திரும்பி வந்தபோது அந்தத் தாள்கள் பெறுமதியற்றவை என அறிவிக்கப்பட்டன. மூன்றரை ஆண்டுச் சம்பளத்தைத் தாளாகவே வைத்திருந்தவரிடம் விறகுக்கு ஆகும் காகிதம் எஞ்சியது. நகையாகவோ அரிசியாகவோ மாற்றியவர் தப்பினார். யாழ்ப்பாணத்தில் வயலும் பனையும் இருந்த குடும்பங்கள் அந்த மூன்றரை ஆண்டுகளைச் சிக்கனமாகக் கடந்தன.

அதே ஆண்டுகளில் இன்னொரு தமிழ்ச் சமூகத்துக்கு நேர்ந்ததையும் இங்கு சொல்ல வேண்டும். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பணத்தை எப்படிப் பிரித்து வைப்பது என்பதை நம்மைவிட நன்கறிந்தவர்கள். கொழும்பு, பினாங்கு, சைகோன், ரங்கூன் என்று அவர்களின் கிட்டங்கிகள் பரந்திருந்தன. ஆயினும் பர்மாவில் கிடைத்த வட்டியின் கவர்ச்சி பலரின் முதலை அங்கேயே குவிய வைத்தது. 1930 களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்து விவசாயிகள் கடனைத் திருப்ப இயலாமற் போக, கீழ்ப் பர்மாவின் முக்கிய 13 மாவட்டங்களின் வயல்நிலத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு 1937 அளவில் செட்டியார்களின் கைக்கு வந்தது. அவர்கள் கேட்டது பணம், கிடைத்தது சேறு. பணத்தைக் கப்பலில் ஏற்றலாம், சேற்றை ஏற்ற முடியுமா? 1942 இல் அவர்களில் பலர் ஓடிவந்தனர். 1948 இல் சுதந்திர பர்மா காணித் தேசியமயச் சட்டத்தைக் கொண்டு வந்தது. ரங்கூனை மட்டும் நம்பியிருந்த கடைகள் மூழ்கின. பினாங்கிலும் கொழும்பிலும் கிளை வைத்திருந்தவை எழுந்து நின்றன.

சுதந்திரத்துக்குப் பின்னர் இலங்கையில் ஓய்வுபெற்றவர்களை எந்த இராணுவமும் தாக்கவில்லை. ரூபாவே தாக்கியது. 1949 முதல் 1967 வரை ஓர் அமெரிக்க டொலர் 4 ரூபா 76 சதம். 1967 நவம்பரில் 5 ரூபா 95 சதம். 1977 நவம்பரில் 16 ரூபா. மலாயாவிலிருந்து வந்த ஓய்வூதியம் வேறு நாட்டு நாணயத்தில் நிர்ணயிக்கப்பட்டது. இங்கு ரூபா இறங்க, கையில் வரும் தொகை ஏறியது. அதே திண்ணையில் அமர்ந்திருந்த இலங்கை அரசாங்கப் பென்சனியருக்கு அந்த வாய்ப்பில்லை. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஒரே அளவு உழைத்தவர்கள். ஒருவரின் முதுமைக்குப் பொறுப்பேற்ற நாணயம் வேறு, மற்றவருடையது வேறு. அவ்வளவுதான் வித்தியாசம்.

1970 இல் நிதியமைச்சர் கலாநிதி என்.எம். பெரேரா 50 ரூபா, 100 ரூபாத் தாள்களைச் செல்லுபடியற்றவையாக்கினார். தலையணைக்குள் வைத்திருந்தவர்கள் வங்கி வாசலில் வரிசையில் நின்றார்கள். 1972 இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனிநபருக்கு 50 ஏக்கர், நெல்வயலாயின் 25 ஏக்கர் என்று எல்லை வைத்தது. 1973 இல் வீட்டுச் சொத்துகளுக்கும் உச்சவரம்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் 50 ஏக்கர் உடையவர்களை எண்ணுவதற்கு ஒரு கை போதும். ஆகவே முதற் சட்டம் அங்கு பெரிதாக உறைக்கவில்லை. வீட்டுச் சட்டம் அப்படியன்று. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் மூன்று நான்கு வீடுகளை வாடகைக்கு விட்டு அதில் முதுமையைக் கழிக்க எண்ணியவர்கள், எல்லைக்கு மேற்பட்டவற்றை அரசிடம் இழந்தனர். கல்லும் சீமெந்தும் களவு போகாது என்பார்கள்; சட்டத்தின் கையில் அவையும் போகும்.

1983 ஜூலையில் வீடு எரிந்தது; 1990 இல் வலிகாமம் வடக்கின் செம்மண் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தலைமுறைகளாகச் சேர்த்த கடையும் வீடும் நகையும் சில மணி நேரத்தில் அவர்களுக்கு இல்லாமற் போயின. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்து செம்மணி வழியே நடந்தபோது எதைக் கொண்டு போக முடிந்ததோ அதுவே சொத்தாக இருந்தது. கையில் எடுக்கக்கூடியது தங்கம் என்பதால் தங்கமே சிறந்தது என்ற நம்பிக்கை நம்மவரிடம் வேரூன்றியது இக்காலத்திலேதான். அதில் பாதி உண்மை. மற்றப் பாதியையும் சொல்லியாக வேண்டும். 1980 ஜனவரியில் ஓர் அவுன்சு தங்கம் 850 டொலர் வரை சென்றது. அன்று வாங்கியவர் டொலர்க் கணக்கில் அதே விலையை மீண்டும் காண 2008 வரை காத்திருக்க நேர்ந்தது. 52 வயதில் வாங்கியிருந்தால் 80 வயதில் முதல் திரும்பியிருக்கும்.

இனிச் சேமலாப நிதிக்கு வருவோம். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் ஊழியர் சேமலாப நிதியம் உருவானது. அப்போதைய தொழில் அமைச்சர் ரி.பி. இலங்கரத்ன. அரசாங்க ஊழியருக்கு மட்டுமே ஓய்வூதியம் இருந்த நாட்டில் கடைச் சிப்பந்திக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் அச்சகத் தொழிலாளிக்கும் முதுமைக்கென ஒரு பிடி காசைச் சட்டத்தால் உறுதி செய்தது அது. இன்று ஊழியர் 8 சதவீதமும் தொழில்வழங்குநர் 12 சதவீதமும் செலுத்துகின்றனர். அந்த நோக்கத்தை நான் குறை கூறேன். நானும் அந்த நிதியத்தின் உறுப்பினனாக இருந்து ஓய்வுபெற்றவனே.

ஆனால் மலாயன் பென்சனியரின் பெட்டகத்தை நினைவில் வைத்துக்கொண்டு இந்த நிதியத்தைப் பாருங்கள். மூன்று இலட்சம் கோடி ரூபாவுக்கு மேற்பட்ட அதன் சொத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் அதிகம் அரசாங்கத்தின் கடன் பத்திரங்களில், பெரும்பாலும் திறைசேரி முறிகளில், இருக்கிறது. தட்டுகள் இல்லை, ஒரே அறை. கடன் வாங்குபவர் ஒருவர். அவரே சட்டம் இயற்றுபவர். நாணயம் அச்சடிக்கும் அதிகாரமும் அவருடைய அரசுக்குள்ளேயே இருந்தது. தொழிலாளி தனது காசை வேறெங்கும் வைக்கக் கேட்க முடியாது. 1953 இன் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 2017 இல் அதற்குப் பதிலாக வந்த சட்டமும் சாதாரண மனிதனின் சேமிப்பு எல்லை தாண்டுவதை இறுக்கியே வைத்திருந்தன.

இந்த ஏற்பாட்டின் கடுமையை முதலில் உணர்ந்தவர்கள் மலையகத்தவர் என்பேன். 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதிய சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அவர்கள் போகும்போது சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் கொண்டு செல்லலாம் எனவும், ஒரு குடும்பம் கொண்டு செல்லக்கூடிய உச்சத் தொகை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படமாட்டாது எனவும் அதில் எழுதப்பட்டது. இரண்டு மூன்று தலைமுறை உழைப்புக்கு எழுதப்பட்ட எல்லை அந்த 4,000 ரூபா. அவர்களிடம் காணியில்லை, லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். சீதன உறுதியும் ஒற்றி உறுதியும் அவர்கள் அறியாதவை. சேமலாப நிதி ஒன்றே அவர்களின் பெட்டகமாக இருந்தது. அந்தத் தொகை ரூபாவில் இருந்தது. ரூபாவோ 1967 இலும் 1977 இலும் எங்கே போயிற்று என்பதை மேலே சொன்னேன்.

மலாயாவை மறுபடியும் பார்க்க வேண்டும். நமது நிதியத்துக்கு ஏழு ஆண்டுகள் முன்பாக, 1951 இல், அங்கும் ஊழியர் சேமநிதி தொடங்கியது. சிங்கப்பூரில் 1955 இல். மூன்றும் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ஒரே பேரரசின் கந்தோர்ப் பழக்கத்தில் பிறந்தவை. மலேசிய நிதி காலப்போக்கில் பங்குகள், கட்டடங்கள், பிற நாடுகள் என்று பரந்தது. இன்று அதன் முதலீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மலேசியாவுக்கு வெளியே இருக்கிறது. அங்கும் எல்லாம் நலமென்று சொல்ல வரவில்லை. கொவிட் காலத்தில் அரசு அனுமதித்த விசேட மீளப்பெறுகைகள் மூலம் உறுப்பினர் சுமார் 14,500 கோடி ரிங்கிட்டை எடுத்துவிட்டனர். ஏழைத் தொழிலாளர் பலரின் கணக்கு ஏறத்தாழ வெறுமையாயிற்று. எவ்வளவு நன்றாகப் பிரித்து வைத்தாலும் முன்கூட்டியே எடுத்துத் தின்றால் மிஞ்சுவதில்லை. ஆனால் அது வேறு நோய்.

நமது நிதியம் பரந்து செல்ல முயன்றதே இல்லையா என்று கேட்கலாம். கொழும்புப் பங்குச் சந்தையில் அது முதலிட்டது. விலை ஏற்றப்பட்ட பங்குகளை வாங்கியது என்ற குற்றச்சாட்டு 2010 ஐ அடுத்த ஆண்டுகளில் பத்திரிகைகளிலும் பாராளுமன்றத்திலும் எழுந்தது. 2015 பெப்ரவரி 27 திறைசேரி முறி ஏலத்தைத் தொடர்ந்த விவகாரத்தை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழுவும் இந்நிதியத்துக்கு ஏற்பட்ட இழப்பைப் பற்றிப் பேசியது. எனவே பரப்பி வைத்தல் என்ற சொல்லைக் கேட்டாலே தொழிற்சங்கத்தார் அஞ்சுகின்றனர். அவர்களின் அச்சம் நியாயமானது. காவல்காரனை நம்ப முடியாத போது பல அறைகளைவிட ஓர் அறை மேல் என்று தோன்றும்.

அந்த ஓர் அறைக்கு 2022 இல் என்ன நேர்ந்தது? ஏப்ரல் 12 இல் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த ஆண்டுக்கு நிதியம் உறுப்பினருக்கு வழங்கிய வட்டி 9 சதவீதம். 30 இலட்சம் ரூபாவுடன் ஓய்வுபெறக் காத்திருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டின் தொடக்கத்தில் அது 15,000 டொலர். வட்டியும் சேர்ந்து ஆண்டின் முடிவில் 32 இலட்சத்து 70 ஆயிரம் ரூபா; டொலரில் சுமார் 9,000. கணக்குப் புத்தகத்தில் எந்த இழப்பும் இல்லை. தொகை கூடியிருந்தது! மருந்துக் கடையில்தான் இழப்புத் தெரிந்தது.

அடுத்த ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. 2023 ஜூலை 1 ஆந் திகதி பாராளுமன்றம் அதற்கு இணங்கியது. வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. ஓய்வூதிய நிதியங்கள் தமது முறிகளை நீண்டகால முறிகளாக மாற்ற வேண்டும். மறுத்தால் முறி வருமானத்தின் மீதான வரி 14 சதவீதத்திலிருந்து 30 ஆகும். மாற்றிய முறிகளுக்கு முதலில் 12 சதவீதமும் பின்னர் 9 சதவீதமும் வட்டி. ஊழியர் சேமலாப நிதியம் மாற்றத்தை ஏற்றது. உறுப்பினருக்கு 9 சதவீதத்துக்குக் குறையாது என்று அரசு சொன்னது. வங்கிகள் சரிந்தால் வைப்பாளர் அனைவரும் வீழ்வர் என்ற வாதத்தில் பொருளுண்டு. ஆனால் அதே ஆண்டுகளில் திறைசேரி உண்டியலைத் தனியே வாங்கக் கையிருப்புள்ளவர்கள் 30 சதவீதத்துக்கு மேலும் பெற்றனர் என்பதையும், நிதியத்துக்குள் இருந்த தொழிலாளிக்கு அந்தக் கதவு திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

கடிதம் எழுதும் வாசகர்களில் கொழும்பிலுள்ளோர் பெரும்பாலும் இப்படி எழுதுகின்றனர்: "நாங்கள் ஒன்றில் மட்டும் வைக்கவில்லை. சேமலாப நிதி எடுத்து நிலையான வைப்பில் இட்டோம். தேசிய சேமிப்பு வங்கியிலும் கொஞ்சம் உண்டு. தொடர்மாடியில் ஒரு வீடு வாடகைக்கு உண்டு." நான்கு பெட்டிகள்தான். ஆனால் நான்கும் ஒரே மாட்டு வண்டியில் ஏற்றப்பட்டிருக்கின்றன. நிதியம் அரசுக்குக் கடன் கொடுத்திருக்கிறது. சேமிப்பு வங்கியும் பெருமளவு அரசுக்கே கொடுத்திருக்கிறது. வைப்பும் வாடகையும் ரூபாவில் வருகின்றன. 60 வயதைத் தாண்டியோரின் வைப்புக்கு 2015 முதல் வழங்கப்பட்ட 15 சதவீத விசேட வட்டியும் 2022 ஒக்டோபரில், மிகவும் தேவைப்பட்ட நேரத்தில், நிறுத்தப்பட்டது. 1932 இல் இறப்பர்ச் சம்பளமும் இறப்பர்க் காணியும் ஒன்றாகப் போனதற்கும் இதற்கும் வேறுபாடு காண எனக்குத் தெரியவில்லை.

இதனால் சலித்துக் கூடிய வட்டி தேடிப் போவோருக்கும் ஒரு செய்தி உண்டு. 2002 இல் பிரமுக வங்கி மூடப்பட்டது. 2008 டிசம்பரில் கோல்டன் கீ நிறுவனம் சரிந்தது. இரண்டிலும் வரிசையில் நின்றவர்களில் நரைத்த தலைகளே அதிகம். சந்தை வட்டியைவிட அதிகம் தருகிறேன் என்பவர் எங்கிருந்து தருகிறார் என்று கேட்க அவர்களுக்குப் பொருளியல் தேவைப்பட்டிருக்கவில்லை.

2022 இன் வரிசைகளில் தாக்குப்பிடித்த ஓய்வூதியர் யாரென்று நான் கவனித்த வரையில், பெரும்பாலும் ரொறொன்ரோவிலோ இலண்டனிலோ ஒரு பிள்ளை உள்ளவர்கள். பழைய மணியோடர் பெயர் மாறி வந்தது. வேறு நாட்டின் நாணயத்தில், வேறு நாட்டின் உழைப்பில் வந்த காசு; 1967 இல் மலாயன் பென்சன் செய்த வேலையையே செய்தது. பிள்ளைகள் எல்லோரும் உள்நாட்டிலேயே இருந்த தோட்டத் தொழிலாளிக்கும் அச்சகத் தொழிலாளிக்கும் அதுவும் இல்லை.

பென்சனியர்கள் கட்டிய வீடுகள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. உறுதி கனடாவில், திறப்பு இன்னொரு உறவினரிடம், பங்காளிகள் மூன்று கண்டங்களில். அவ்வீடுகளைத் தமது முதுமைக்கான சேமிப்பாக இன்னும் எண்ணிக்கொண்டிருக்கும் வெளிநாட்டு வாசகர்கள் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தை மறந்துவிடலாகாது. தடையின்றிப் பத்து ஆண்டுகள் ஒருவர் தமதென்று ஆண்டு வந்த காணிக்கு உரிமை கோர அது இடமளிக்கிறது. போரினால் இடம்பெயர்ந்தோருக்காக 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. அது 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தையே கருதுகிறது. அதற்குப் பிந்திய பத்து ஆண்டுகள் ஏற்கனவே கடந்துவிட்டன.